பக்கத்துத் தோட்டத்துக் குலை

திராட்சை வியாபாரி வருகிற நாளில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்வார். எங்கள் கொடியில் காய் சுமாராக இருந்தால், பக்கத்துத் தோட்டத்தில் நல்ல குலையாக நாலைந்து அறுத்து வந்து எங்களுடையது என்று காட்டுவார். வியாபாரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பதால் நானும் சிரித்திருக்கிறேன்.

பிள்ளை உண்டாகவில்லை என்று தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். முதலில் இரண்டு பேருக்கும் சோதனை என்றார். வீட்டுக்காரர் விந்தை வீட்டிலேயே எடுத்து, டப்பாவில் கொண்டுபோய் லேபில் கொடுத்தார். குறையே இல்லை என்று வந்தது. அப்படியானால் குறை என்னிடம்தான் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி முடித்தார்.

பிறகு ஹார்மோன் ஊசிகள், கருமுட்டை வளர்வதற்காக. ஃபிரிட்ஜில் நான் வைத்த மருந்தை மாமியார் கருவாட்டுக் குழம்புச் சட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுவார். ஊசி போடும்போதெல்லாம் அந்த வாடை. உடம்பு ஊதியது, முகமெல்லாம் பரு, காபியைக் கண்டாலே குமட்டல். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. பார்க்க வரும் சொந்தக்காரப் பெண்களுக்கு மாமியார் என் சேலையை விலக்கி அதைக் காட்டுவார்.

"எம்மகன் தங்கம். இவளுக்குத்தேன் ஊசி குத்தி மாளல."

அந்த விரல்கள் வயிற்றில் படும்போது பல்லி விழுந்த மாதிரி இருக்கும். கொழுந்தன் மட்டும் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவான். கூச்சக்காரப் பிள்ளை என்று நினைத்தேன்.

எத்தனை ஊசிக்கும் கரு உண்டாகவில்லை. கடைசியில் முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கலாம் என்றார் டாக்டரம்மா. முட்டை எடுக்கும் அன்று வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேயே விந்து கொடுக்க வேண்டும். நான் மயக்கம் தெளிந்தபோது டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க முட்டையெல்லாம் நல்லா இருக்கும்மா. அவர்கிட்டதான் உயிரணு ஒண்ணுகூட இல்ல. அந்தப் பழைய ரிப்போர்ட் எப்படி வந்துச்சுன்னே புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. கால்மாட்டில் நின்ற வீட்டுக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார், "தம்பிக்கிட்ட வாங்கிக் குடுத்துட்டேன். வெளிய சொல்லிறாத."

என்னிடம் ஒரு மன்னிப்பு கேட்கவில்லை. விஷயம் தெரிந்து உள்ளே வந்த மாமியார் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "இதுக்குப் போயி அழுவாகளா? சின்னவன்கிட்டயே வாங்கி வைக்கச் சொல்லுவோம். நம்ம ரத்தந்தான" என்றார். அருவருப்பில் பக்கத்திலிருந்த பேசினில் வாந்தி எடுத்தேன். அந்த வீட்டில் எவனுடையதும் எனக்கு வேண்டாம். ஆனால் பிள்ளை ஆசை மட்டும் விடவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, முட்டைகளை உறைய வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது சொந்தக்காரப் பெண்கள் பழப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் ஒன்றுமே நடக்காதது போல, "முட்டை சரியா வளரலயாம்" என்று சொல்லி என் சேலைக்குக் கை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்தேன்.

"எவ்வயிற எல்லாரும் பாத்தாச்சு அத்தே. இனிமே ஒங்க மகன் வேட்டிய வெலக்கிக் காட்டுங்க."

கொழுந்தன் வெளியே போக எழுந்தான். அவனையும் உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சத்தை நானே சொன்னேன்.