குங்கிலியப் புகையும் இரண்டு வரியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கொட்டாரம் ஊருக்குத் தெற்கே ஒரு சிறு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் என் நடத்தையைப் பற்றி, ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியார் மிஷனுக்கு இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வரிக்கு அவர் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து இத்தனை பொறுப்போடு எழுதியவர் வேறு யாருமில்லை.

ஆனிச் சாரலில் எனக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. மனைவி கோட்டாற்றுக் கடையிலிருந்து குங்கிலியம் வாங்கி வந்தாள். மலைமேல் எந்த அவசரமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வளர்கிற பைனி மரத்தின் பிசின் அது. கனல் நிறைந்த சட்டியில் அதைப் பொடித்துப் போட்டு, என்னைச் சமுக்காளத்துக்குள் தள்ளி, சன்னல்களை அடைத்து, கதவுக்கு வெளியே கொண்டியும் போட்டாள். புகை தீருமுன் திறந்தால் சளி திரும்ப உள்ளே போய்விடுமாம்.

எங்கள் சபையில் புகைக்குக் கெட்ட பெயர். அதெல்லாம் சுசீந்திரம் கோயிலுக்கும் கோட்டாற்றுப் பேராலயத்துக்கும் உரியது. நாங்கள் புகையில்லாமலே பரலோகம் போகிறவர்கள். வீட்டில் குங்கிலியம் போட்டது தெரிந்தால் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்திலிருந்து விலக்கிவிடுவார்கள். என் விஷயத்தில் வேலையும் போகும்.

சட்டி நன்றாகப் புகையத் தொடங்கியபோது வாசலில் உபதேசியாரின் குரல்.

"சாரு எங்க? மூணு நாளா ஆளைக் காணல்லியே?"

"சொகமில்ல ஐயா, உறங்குகாவ."

"உறங்கட்டும். ஒரு ஜெபம் பண்ணீட்டுப் போறேன்."

அவருடைய ஜெபம் ஆதாமில் தொடங்கி நடந்தே எங்கள் ஊருக்கு வந்து சேரும். நான் சமுக்காள முனையை வாயில் திணித்துக்கொண்டேன். சிறைவாசம் பற்றி எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். எந்தக் கைதிக்கும் இருமக் கூடாதென்று தண்டனை விதித்ததாக எங்கும் படித்ததில்லை. அவர் நோவாவுக்கு வந்தபோது இருமல் வெடித்துவிட்டது.

கொண்டி விலகியது. புகை முதலில் வெளியே போயிற்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சாரே, இதென்ன மணம்?"

"பிள்ளியளுக்குப் பாடம் எடுக்கப் படிக்காவ ஐயா," என்றாள் மனைவி.

"சமுக்காளத்துக்குள்ள கெடந்தா?"

"குங்கிலியம், ஐயா," என்றேன் நான். "எண்ணெயில காய்ச்சி வள்ளத்து இடுக்குல பூசுவாவ. தண்ணி ஏறாது. நோவா பேழைக்குப் பூசினதும் இதுபோல ஒண்ணுதான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தம் கொளுத்துவது, பித்தவெடிப்புக்குக் களிம்பு காய்ச்சுவது என்று தெரிந்ததையெல்லாம் இருமலுக்கு நடுவே சொன்னேன்.

"மரம் எப்பிடி இருக்கும்?"

நான் அதைப் பார்த்ததே இல்லை. "மெதுவா வளரும் ஐயா."

"எவ்வளவு மெதுவா?"

உங்கள் இரண்டு வரியைவிடக் கொஞ்சம் வேகமாக என்று சொல்லியிருக்கலாம். வேலை வேண்டியவன் சொல்லமாட்டான்.

"திங்கக்கிழமை இந்தப் பாடத்த நானும் வந்து கேக்கேன். சட்டியையும் கொண்டுவாரும்."

திங்கட்கிழமை வகுப்பறை நிறையப் புகை. பிள்ளைகள் நன்றாக முகரட்டுமென்று அவரே சன்னல்களைச் சாத்தினார். போகும்போது, "இன்னைக்கே எழுதி அனுப்புகேன்," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். முந்தின நாள்தான் அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கியிருந்தார்கள்.

"சார், எனக்க பிள்ளைக்கும் சளிதான். அதுக்குத்தான் பொகை போட்டேன். கண்ணேறுக்குப் போட்டேன்னு சொல்லுகாவ. நீங்க போட்டது பாடம், நான் போட்டது பாவமா? ஐயாகிட்ட ஒரு வாக்குச் சொல்லப்பிடாதா?"

சட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். நானும் சளிக்குத்தான் போட்டேன் என்று சொன்னால் போதும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது.

உபதேசியார் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முதல் வரி முடிந்திருந்தது.

"என்ன சாரே, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல ஐயா. சும்மா வந்தேன்."

அவர் இரண்டாவது வரியையும் எழுதி முடித்தார். மை காயும்படி நானே ஊதிக் கொடுத்தேன்.