மாமா வண்டியின் பேட்டரி

பிள்ளைகளே, போன பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது நீங்கள் ரெண்டு பேரும் மறுபடியும் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். குளிர்காலம் முழுக்கப் பனியில் கிடந்தும் மாமாவின் சிவப்பு வண்டி சாவியைத் திருப்பினதும் உறுமியதாம். "அதான் மாமா கார்!" நான் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் சின்ன வயதில் நீங்கள் பார்த்து மறந்தது, அது எப்படி உறுமியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நியூ ஜெர்சியில் நாம் அபார்ட்மென்டில் இருந்த காலம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்கு மளிகைக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. அம்மாவின் அண்ணனான உங்கள் மாமா பக்கத்து பிளாக்கில் இருந்தார். கம்ப்யூட்டர்காரர். ரெண்டே கதவு வைத்த புது வண்டி வாங்கியிருந்தார். தீபாவளி முடிந்ததும் கம்பெனி அவரை டெக்சாஸுக்கு அனுப்பியது.

"மாப்பிள்ளை, வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி விடுங்க, போதும்" என்று சாவியைக் கொடுத்தார். பிறகு, மகளே, உன் பக்கம் திரும்பினார். "ஸ்கூல் கான்சர்ட்டுக்கு மாமா வந்துடுவேன்டா. நம்ம வண்டியிலதான் நீ போறே."

நீ குதித்தாய். என் வண்டியும் ஓடுகிற வண்டிதானே என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அந்தச் சாவியை எடுத்தால் போதும், நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னே ஓடுவீர்கள். பத்து நிமிஷம் ஹீட்டர், பாட்டு, கண்ணாடி துடைக்கும் பிரஷ் எல்லாவற்றையும் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். தினமும் உங்களைப் பள்ளிக்கூடம் கொண்டுபோன நம் பழைய வண்டி பக்கத்திலேயே பனியைச் சுமந்து நிற்கும். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஒரு இரும்புக்காக இன்னொரு இரும்பின்மேல் பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்றது. அவ்வளவுதான்.

"மாமா கார் இஸ் டெட்!" என்று, சின்னவனே, நீ அழுதுகொண்டே படியேறினாய்.

"எங்க அண்ணன் நம்பி விட்டுட்டுப் போச்சு. ஒரு வண்டியைப் பாத்துக்க முடியலையா உங்களால?" என்றாள் அம்மா.

"நானா அதை அடிச்சுக் கொன்னேன்?"

வண்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கேட்டாள்: "ஸ்டார்ட் பண்ணிட்டு ஓட்டுவியா, நிறுத்தி வெச்சிருப்பியா?" நிறுத்தித்தான் என்றேன். ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி இழந்ததை நின்ற இடத்தில் பத்து நிமிஷத்தில் திரும்பப் பெறாது, ஹீட்டரும் போட்டால் இன்னும் மோசம் என்றாள். சார்ஜ் இறங்கின பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடித்துக்கூடப் போகுமாம். கழற்றி வீட்டுக்குள் வை, மெதுவாகச் சார்ஜ் ஏற்று என்று ஒரு சின்ன சார்ஜரை விற்றாள். கடைசியாக, "வண்டிக்குள்ளே ஏதாவது லைட் எரியுதா?" என்றாள்.

எரிந்தது! டாஷ்போர்டில் மாமா வைத்திருந்த பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு சிவப்பு பல்ப். சாமி விளக்கு அணையக் கூடாது என்று பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருந்தார். ராத்திரி பகலாக அது உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

டெக்சாஸுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ மாப்பிள்ளை, அதை மட்டும் அணைச்சிடாதீங்க. எங்க அம்மா பூஜை பண்ணிக் கொடுத்தது."

"அப்ப பிள்ளையாரையும் மாடிக்கே கூட்டிட்டு வந்துடறேன் மச்சான்."

அப்படித்தான் பிள்ளையார் நம் பூஜை அலமாரிக்கு வந்தார். அம்மா அவருக்கு எண்ணெய் விளக்கு போட்டாள். பேட்டரியை, முதலில் நெகட்டிவ் பிறகு பாசிட்டிவ் என்று கழற்றித் தூக்கி வந்தேன். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும், அடுப்புப் பக்கம் ஆகாது. பால்கனிக் கதவோரம் மரப்பலகை மேல் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். அந்தக் குளிர் என் படுக்கைக்குத்தான் வந்தது. கிடங்கிலிருந்து இடுப்பு வலியோடு வருவேன். "மாமா பேட்டரி எப்படிப்பா இருக்கு?" என்பீர்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

நான் அந்தப் பேட்டரியைச் சும்மா விட்டிருந்தால் போதும், மகளே. கான்சர்ட்டுக்கு நீ என் பக்கத்து சீட்டில் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பாய். அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டல்லவா வந்திருப்பாய்? அதனால் மறுபடியும் சார்ஜரைச் செருகினேன்.

கான்சர்ட் அன்று காலை, முந்தின ராத்திரி டெக்சாஸிலிருந்து வந்திருந்த மாமா குளித்துக்கொண்டிருந்தபோது பேட்டரியைப் பொருத்தினேன். முனைகளைச் சுரண்டி, இறுக்கி, துரு ஏறாமலிருக்க வாஸ்லின் தடவினேன். சாயங்காலம் மாமா சாவியைத் திருப்பினார். ஒரே உறுமல்.

"மாமா! மாமா!" என்று கத்தினீர்கள்.

"நல்ல வண்டின்னா அப்படித்தான்டா!" என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

நாலு பேருக்குத்தான் இடம். "மாப்பிள்ளை, நீங்க பின்னாடியே வந்துடுங்க" என்றார் மாமா. அம்மாவும் நீங்களும் ஏறினீர்கள். நீ கையாட்டினாய், ஆனால் பார்த்தது வண்டியின் பாட்டுப் பெட்டியை.

சிவப்பு விளக்குகள் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை நின்றேன். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு நம் வண்டியின் பானட்டைத் தூக்கினேன். பேட்டரி முனைகளில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த வாஸ்லினை விரலால் வழித்து, ரெண்டு முனைக்கும் தடவினேன்.