உள்ளங்கையில் கேட்ட சத்தம்

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அப்பாவும் மகளும் சேர்ந்து ஸ்டோர் ரூம் ஜன்னலை அடைத்தார்கள். ஐஸ் பேக்டரியிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோல் பலகைகளை அப்பா அளந்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது குளிரைத்தான் தடுக்கும். சத்தத்தத் தடுக்காது."

"என்னது?"

"சத்தத்தத் தடுக்காதுன்னேன்!"

"ஏம்மா கத்தற? நான் என்ன செவிடா?"

மகள் பழைய பஞ்சு மெத்தையை இழுத்துவந்து ஜன்னலில் சாத்தினாள். அப்பா அதன் நாலு மூலையிலும் ஆணி அடித்தார். தெர்மாகோலையும் விட்டுவிட மனம் வரவில்லை. மெத்தைமேல் வைத்து ஒட்டினார். மாப்பிள்ளை மூலையில் படுத்து இருவரையும் மேற்பார்வை பார்த்தது.

மாப்பிள்ளை அந்த வீட்டு நாய். ஒரு மழை நாளில் வாசலில் வந்து ஒதுங்கியது, பிறகு போகவில்லை. பெயர் வைத்தவள் அம்மா. "வந்தான், உக்காந்தான், சாப்பிட்டான், தூங்கினான். ஒரு துரும்பக் கிள்ளிப் போடல. மாப்பிள்ளை இல்லாம வேற என்ன?" மகளுக்குக் கல்யாணமாகாத வீட்டில் இப்படி ஒரு பெயர். தெருவே சிரித்தது.

வீட்டுக்குப் பின்னால் மைதானம். எந்த அணி ஜெயித்தாலும் வாணம் விடுவார்கள். முதல் வெடிக்கே மாப்பிள்ளை கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்ளும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். ஒருமுறை கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்து, தரையெல்லாம் ரத்தம்.

அப்பாவுக்கு ஐஸ் பேக்டரியின் கம்ப்ரசர் அறையில் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே அறைதான். பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதென்றால்கூட அங்கே கையால்தான் பேச வேண்டும். மெஷின் ஓடுகிறதா, திணறுகிறதா என்று அவர் காதைக் கேட்டதில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான். காது எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு அது போகவே இல்லை. இப்போது வரும் டிவியில் சத்தமே வைப்பதில்லை என்பார். காலிங் பெல் மட்டம் என்று இரண்டு முறை மாற்றினார். அம்மா வரவர முணுமுணுக்கிறாள் என்று புகார் வேறு. அவர் காதைத் தவிர உலகத்தில் எல்லாமே பழுதாகிவிட்டது.

மகளுக்கு வெளியூரில் வேலை. இயந்திரங்களின் இரைச்சலையும் அதிர்வையும் அளக்கும் கம்பெனி. மாட்டு டாக்டர் ஒருவரிடம் கேட்டு அவள்தான் வழி கண்டுபிடித்து வந்தாள். வெடிச்சத்தத்தைப் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வைத்து, அப்போது நாய்க்குப் பிடித்த தீனி போட வேண்டும். நாய் நிம்மதியாகத் தின்றால் அடுத்த வாரம் ஒரு துளி கூட்டலாம். ஆம்ப்ளிஃபயர் குமிழ் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

"இந்தப் புள்ளியத் தாண்டக் கூடாதுப்பா. நான் வந்துதான் கூட்டுவேன்."

"ஒரு குமிழத் திருப்ப எனக்குப் பாடம் நடத்தறியா?"

அம்மா வேலைக்குப் போயிருக்கும், அப்பா ஷிப்ட் முடிந்து வந்திருக்கும் மத்தியான நேரத்தில்தான் பாடம். போனில் கேட்டால், "ஜம்முனு இருக்கான்" என்றார். அடுத்த முறை ஊருக்கு வந்தவள், தெருமுனையில் திரும்பும்போதே வெடிச்சத்தத்தைக் கேட்டாள். மைதானம் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குள் அப்பா ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீனித் தட்டு அப்படியே இருந்தது. மாப்பிள்ளை கட்டிலுக்கடியில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது.

"என்னப்பா பண்றீங்க!"

"நீ வச்ச புள்ளியில மெஷின் ஓடவே இல்லம்மா. கைய வச்சுப் பாத்தேன், ஒரு அதிர்வும் இல்ல. அதான் கையில தெரியற வரைக்கும் திருப்பினேன். ஆரம்பத்துல நடுங்கும், போகப் போகப் பழகிடும்."

"பழக்கல நீங்க. பயப்படக் கத்துக்குடுத்திருக்கீங்க."

இது அவருக்கு நன்றாகக் கேட்டது. ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வெடியே தேவைப்படவில்லை. தீனித் தட்டு கணகணத்தாலே ஓடி ஒளிந்தது. ஜன்னலை அடைக்கும் வேலை வந்தது அதனால்தான்.

இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணி ஜெயித்தது. சாயங்காலம் முதல் வாணம் கிளம்பியதுமே அப்பா மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா டீ கொண்டுபோனாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாயின் முதுகில் கை இருந்தது.

"ஏங்க, டீ."

பதில் இல்லை. கூப்பிட்டால் பதில் வராதது அந்த வீட்டுக்குப் புதிதில்லை. அம்மா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். டீ ஆடை கட்டிய பிறகு மகள் போய்த் தோளைத் தொட்டாள். தொட்டதும் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தார்கள். ஸ்டோர் ரூம் கதவு, நடைக் கதவு, வாசல் கதவு, எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. ஸ்ட்ரெச்சர் படி இறங்கும்போது தலைக்கு மேலே ஒரு வாணம் வெடித்தது. கால்களுக்கிடையே புகுந்து மாப்பிள்ளை ஓடியது. யாரும் பிடிக்கவில்லை. எல்லோர் கையிலும் அப்பா இருந்தார்.

எல்லாம் முடிந்த மறுநாளே மகள் தெருத் தெருவாகத் தேடப் போனாள். சித்தப்பா வாசலில் மறித்தார்.

"மனுசன் போய்ச் சேந்துட்டான். இவ நாயத் தேடிக்கிட்டுக் கெளம்பறா. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்கறவங்க நாயப் பாத்தா மட்டும் சொல்லச் சொல்லுங்க சித்தப்பா."

அம்மாதான் ஒரு பிடிப்பைக் கொடுத்தாள். "கழுத்துப் பட்டை வில்லையில உங்கப்பா நம்பர் வெட்டியிருக்கு. அவர் போன ஆஃப் பண்ணிடாத." மகள் அந்தப் போனைச் சார்ஜ் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கும்போது சோப்புப் பெட்டி பக்கத்தில், படுத்தால் தலையணை மேல். துக்கம் கேட்கிறவர்கள்கூட அதில் கூப்பிடவில்லை. அவளுக்கு அது உறைக்கவில்லை.

பேக்டரியில் அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர் துக்கம் விசாரிக்க வந்தார். "சேதி கேட்டதும் அவர் நம்பருக்குத்தாம்மா போட்டேன். யாரோ ஒரு பொம்பள எடுத்து, இது அவர் நம்பர் இல்லன்னுட்டாங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அய்யோ. சிம்ம மாத்திட்டாரு. 'இந்தக் கம்பெனி லைன்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது'ன்னு தூக்கிப் போட்டுட்டு வேற நம்பர் வாங்கினாரு. இவ்வளவு நாள் ஆகியும் எனக்குத் தோணவே இல்லையே."

மகள் பழைய நம்பருக்குப் போட்டாள். அது இப்போது யாரிடம் இருக்கிறதோ அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"நாய் விஷயமா? அட ஆமாங்க. ஒருத்தர் ரெண்டு தடவ கூப்பிட்டாரு. 'உங்க நாய் இங்க நிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னாரு. எங்ககிட்ட நாயே இல்ல, ராங் நம்பர்னு வச்சுட்டேன்."

"எந்த இடம்னு சொன்னாரா?"

"நான் கேக்கலையேம்மா. தொல்லை தாங்காம அந்த நம்பரையும் அழிச்சுட்டேன். உங்க நாயா?"

"எங்கப்பாவோடது" என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

அம்மா உள்ளே போய் அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்து வந்தாள். "நம்பர் மாத்தினதும் மாப்பிள்ளை கழுத்துக்குப் புது வில்லை ஒண்ணு வாங்கிட்டாரு. சாவிக் கடையில குடுத்துப் புது நம்பர் வெட்டணும்னு பையிலயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. கேட்டா, நாளைக்கு நாளைக்கும்பாரு."

பையில் ஸ்க்ரூடிரைவரோடு இருந்தது, வட்டமாக ஒரு பித்தளை வில்லை. இரண்டு பக்கமும் ஒன்றும் வெட்டியிருக்கவில்லை.