புஷ்பவள்ளி எடுக்கும் பெரட்டு

எல்லாரும் வேனில் ஏறியாயிற்று. ஜெராய் மலை உச்சியில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கீழே யான் என்ற ஊரின் வயல்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஓட்டுநர் பொறுமையிழந்து ஹாரனை ஒரு தட்டு தட்டுகிறார். புஷ்பவள்ளி மட்டும் இன்னும் ஏறவில்லை. வேனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஆளில்லாத புல்தரையைப் பார்த்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "பிச்சையம்மாக்காவ்!" என்று ஒரு குரல் கொடுக்கிறார். கொஞ்ச நேரம் காது கொடுத்து நிற்கிறார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வந்து முன்சீட்டில் உட்கார்ந்து, "போலாம் தம்பி" என்கிறார்.

புதிதாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வேனில் அந்தப் பெயரில் யாருமில்லை. பழைய ஆட்கள் மட்டும் கண்ணைக் காட்டி, கேட்காதே என்று அடக்கிவிடுவார்கள்.

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்து மூன்று வயது. சுங்கைப் பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் லைன் லீடர். அந்த லைனை மூடியபோது கூட வேலை செய்தவர்கள் கேக் செய்யப் போனார்கள், தையல் எந்திரம் வாங்கினார்கள். இவர் காட்டு வழிகாட்டிப் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, பச்சை பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இருவத்திரெண்டு வருசம் சன்னல் இல்லாத ரூம்ல நின்னேன்லா. போதும்" என்பதுதான் அதற்கு அவர் சொல்லும் விளக்கம்.

அவருடன் வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்த பெண்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, முட்டிவலியோடு தொலைக்காட்சி முன் உட்கார மனமில்லாதவர்கள். மாதம் ஒரு முறை ஜெராய், பள்ளி விடுமுறைகளில் ஊலு மூடா காட்டுக்குப் படகு, வருடத்துக்கு ஒரு முறை நேப்பாளம். அங்கே முதலில் மலை, பிறகு அடிவாரக் காட்டில் காண்டாமிருகம். எங்கே போனாலும் பையில் நெத்திலி சம்பல் ஒரு போத்தல் இருக்கும். பனிமலையைப் பார்த்துக்கொண்டே அதைச் சோற்றில் பிசைந்து, "இது இல்லாம எந்த மலையும் எறங்காது" என்பார்.

ஆள் குள்ளம், குரல் நெடுநெடுவென்று இருக்கும். தலையில் துண்டு, அதற்கு மேல் தொப்பி. மற்ற வழிகாட்டிகள் முன்னால் நடப்பார்கள். இவர் கடைசியில் வருவார். "முன்னால போறவன் வழிய பாக்கிறான், பின்னால வர்றவதான் ஆள பாக்கிறா." காலில் அட்டை ஏறிவிட்டது என்று யாராவது குதித்தால், நகத்தால் சுண்டிவிட்டு, "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்று நடையைக் கட்டுவார். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுப்பவர்களிடம் மட்டும் கோபம் வரும். "ஒன் மூஞ்சிக்குப் பின்னால நிக்கிறதுக்கா அது இத்தன லட்சம் வருசமா ஒசந்து நிக்கிது?"

கிளம்பும்போதும் நிற்கும்போதும் பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் விடியலுக்கு முன் ஆட்களை நிறுத்தி வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பெயர். அவருடைய அப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து வேலைக்காரர்களுக்கு எடுத்த பெரட்டை, மகள் உல்லாசப் பயணிகளுக்கு எடுக்கிறார். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, பென்சில், பெயர், கோடு. கூட வருபவர்களுக்கும் அதில் ஒரு குஷி. அறுபது வயதில் மலையுச்சியில் நின்று "இருக்கேன்!" என்று கத்துவதற்கு யாருக்குத்தான் ஆசையிருக்காது?

அந்தக் குஷிதான் இரண்டு வருடத்துக்கு முன்னால் வினையாக முடிந்தது.

ஊலு மூடா காட்டுக்குள் வெந்நீர் ஊறும் சேற்றுத்தரை ஒன்று உண்டு. மண்ணில் உப்பு இருப்பதால் யானையும் மானும் அதை நக்க வரும். பக்கத்தில் பார்வையாளர்களுக்கு ஒரு பரண். அதில் பதினான்கு பெண்கள் மூன்று மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தும் ஒரு பன்றிக்குட்டிகூட எட்டிப் பார்க்கவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்குத்தான். காட்டு யானை சாணத்தை மட்டுமே முன்னால் அனுப்பி வைத்திருந்தது. வானம் கறுத்தது. மழை பிடித்தால் ஆறு பொங்கும் என்று படகுக்காரர் கைருல் அவசரப்படுத்தினார். புஷ்பவள்ளி ஆற்றங்கரையில் நின்று மளமளவென்று பெரட்டு எடுத்தார். "பிச்சையம்மாக்கா?" "இருக்கேன்!" கோடு விழுந்தது. இரண்டு படகுகளும் கிளம்பின.

நாற்பது நிமிடத்தில் முகாமை அடைந்து தேநீர் ஊற்றியபோது ஒரு குவளை மிஞ்சியது. அதைப் பார்த்ததும் மருதம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

"பிச்சையம்மாவுக்கு நான்தான் புஷ்பா கொரல் குடுத்தேன். கொடைய மறந்துட்டேன்னு பரணுக்குத் திரும்ப ஓடுனா. வந்து மத்த போட்டுல ஏறிட்டான்னு நெனச்சேன். அவ பேரு கேட்டா என் வாய் தானா தொறந்துக்குதுலா!"

பிச்சையம்மாளும் மருதம்மாளும் முப்பது வருடம் அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள். ஒருத்தி பிந்தினால் மற்றவள் அவளுக்காகப் பெரட்டில் குரல் கொடுப்பாள். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. மண்டோராக இருந்த புஷ்பவள்ளியின் அப்பாவுக்குக் குரல் வித்தியாசம் நன்றாகவே தெரியும். தெரியாததுபோல அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அப்பாவின் அந்த இரக்கம் மகளின் பெரட்டுவரை வந்துவிட்டது.

புஷ்பவள்ளி கைருலை இழுத்துக்கொண்டு அப்படியே படகில் ஏறினார். வழி முழுக்க முனீஸ்வரனைத் தவிர வேறு பேச்சில்லை. ஊற்றுக்கு அருகில் வந்ததும் கைருல் இயந்திரத்தை அணைத்தார். கரைக்கும் பரணுக்கும் நடுவில் ஏழு யானைகள் நின்றுகொண்டிருந்தன.

"அக்கா, டியாம், டியாம்" என்று கைருல் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போட்டா மெரண்டுரும். பரண் பக்கம் திரும்புச்சுன்னா அவ்வளவுதான்."

வாழ்நாளெல்லாம் குரலை வைத்தே பிழைத்தவருக்கு அன்று ஒரு பெயரைக் கூப்பிட முடியவில்லை. அந்த அம்மாள் பரணில் இருக்கிறாரா, காட்டுக்குள் ஓடினாரா, யானைக் காலடியில் கிடக்கிறாரா, ஒன்றும் தெரியாது. தலைத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அரை மணி நேரம் படகிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணியைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் பேசியதில்லை. கைருல் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

யானைகள் ஒருவழியாகக் காட்டுக்குள் போன பிறகு பரணில் ஏறிப் பார்த்தால், பிச்சையம்மாள் மடியில் குடையை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அதுக்குள்ள ஏன்லா வந்தீங்க? குட்டி ஒண்ணு சேத்துல வழுக்கி வுழுந்திச்சு. ஆத்தாக்காரி தும்பிக்கையால தூக்கி வுட்டா பாரு! நீங்க யாருமே பாக்கலியே!"

புஷ்பவள்ளி பரண் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அழுகைக்கு நடுவே திட்டவும் செய்தார். முகாமில் மற்றவர்கள் பிச்சையம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பயம் தெளிந்ததும் பொறாமை எட்டிப் பார்த்தது. "அடுத்த தடவ என்னைய வுட்டுட்டுப் போ புஷ்பா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். புஷ்பவள்ளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஊர் திரும்பியதும் சுற்றுலா அலுவலகத்தில் நடந்ததைத் தானே எழுதிக் கொடுத்து, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தையும் வாங்கி வந்து அந்தச் சின்ன நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். பிச்சையம்மாளின் மகன், அம்மா இனி எந்தக் காட்டுக்கும் வரமாட்டார் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? புஷ்பவள்ளியே சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பெயர் சேர்க்கும்போது, அந்த ஒரு பெயர் வருகிறதா என்று பார்ப்பார்.

அதிலிருந்து பெரட்டுச் சட்டம் மாறியது. "கொரல் வேணாம். கைய நீட்டுங்க." பெயரைக் கூப்பிட்டு, அந்த ஆளின் கையைத் தொட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் கோடு விழும். எல்லாரும் ஏறியானதும், வெறும் இடத்தைப் பார்த்து அந்த ஒரு குரல். அன்றைக்குக் கொடுக்க முடியாமல் போன குரலை இரண்டு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேப்பாளத்தில் பனி சூழ்ந்த ஒரு கணவாயில் அவர் "பிச்சையம்மாக்காவ்!" என்று கூப்பிட்டதைக் கேட்ட உள்ளூர் வழிகாட்டி, ஏதோ தெய்வத்தின் பெயர் என்று நினைத்துத் தானும் ஒரு கும்பிடு போட்டாராம்.

போன மார்ச் மாதம் ஊலு மூடாவுக்குக் கிளம்பிய காலையில், மருதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பிச்சையம்மாள் வந்து நின்றார். கையில் அதே குடை.

"மவன்?" என்றார் புஷ்பவள்ளி.

"அவன்தான் காடியில கொண்டாந்து வுட்டான். ரெண்டு வருசமா அந்தக் குட்டி கதையவே கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளிச்சிப் போச்சுலா. போய்த் தொலைன்னுட்டான்."

புஷ்பவள்ளி நோட்டில் பெயரை எழுதினார். அன்றைக்குப் பார்த்து சம்பல் போத்தலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

ஊற்றில் இந்த முறையும் யானை வரவில்லை. குட்டி எங்கே வழுக்கியது, தாய் எந்தப் பக்கம் நின்றது என்று பிச்சையம்மாள் குடையால் காட்டிக் காட்டி விளக்கியதே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. கரைக்கு வந்தார்கள். பெரட்டு. பிச்சையம்மாள் முறை வந்தபோது மருதம்மாளின் வாய் தானாகத் திறந்தது. அவரே அதைக் கையால் பொத்திக்கொண்டார். புஷ்பவள்ளி பிச்சையம்மாளின் கையைத் தொட்டார், முகத்தைப் பார்த்தார், கோடு போட்டார். எல்லாரும் படகில் ஏறினார்கள்.

வழக்கம் தெரிந்த கைருல் இயந்திரத்தைக் கிளப்பாமல் காத்திருந்தார். படகின் முனையில் நின்ற புஷ்பவள்ளி கரையைப் பார்த்துத் திரும்பி, கைகளை வாயருகே குவித்தார்.

"பிச்சையம்மாக்காவ்!"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் முதல் பலகையில் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் எட்டி, அவருடைய சட்டையின் பின்நுனியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். புஷ்பவள்ளி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். படகு முகாம் துறையைத் தொடும்வரை விடவில்லை.