சின்னது போதும் என்றேன்

என் சகலன் பிரான்சில் செவ்ரான் என்ற புறநகரில் வீடு வாங்கியபோது நான் சந்தோசப்பட்டேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் நல்ல குத்துவிளக்காகப் பார்த்து வாங்கிக்கொண்டு, பால் காய்ச்சும் நாளுக்கு எல்லாருக்கும் முதலே போய் நின்றேன். படம் எடுத்தபோது எல்லாரையும்விட அகலமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எனக்கு ஒன்பது வருடம் பிந்தித்தான் பிரான்சுக்கு வந்தான். வந்த புதிதில், ஊர்க்காரன் என்று, எட்டு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு படுப்பான். நான் வேலை முடிந்து வந்தால், அவன் பிரெஞ்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பான். உருப்படமாட்டான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தன் தங்கையை அவனுக்குப் பேசி முடித்தாள். இன்றைக்கு அவன் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறான். நான் அதே இரண்டு அறையில், அதே ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். யன்னலைத் திறந்தால் மெத்ரோ பாலத்தின்மேல் தடதடவென்று போகும்.

வீட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பின்னால் இருந்த புல்தரையைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு பாய் விரித்தால் நிறைந்துபோகும் இடம். அதை அவன், ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள காணியைச் சொல்வதுபோல், வளவு என்று சொன்னான். "பின்வளவுக்கை வந்து இருங்கோ அண்ணை" என்று அவன் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது.

இதில் எனக்கென்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இறைச்சி சுடுகிறவன். இருபத்துநாலு வருடமாக நெருப்புக்கு முன்னால் நிற்கிறேன். எங்கள் உறவுக்காரர் கோடையில் எங்கே கூடினாலும், திரான்சியில் என்றாலும் வேறெங்கே என்றாலும், கரி மூட்டுவது நான்தான். உணவகம் பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் அதே வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு மரியாதை இருந்தது. நான் போய்ச் சேரும்வரைக்கும் ஒருவரும் நெருப்பைத் தொடமாட்டார்கள். ஒருவருடைய டாக்டர் மகன், இன்னொருவருடைய கணக்காளர் மருமகன் எல்லாரும் கையில் தட்டோடு என் முன்னால் வரிசையில் நிற்பார்கள். யாருக்கு நெஞ்சுத் துண்டு, யாருக்குக் கருகின கழுத்து என்று தீர்மானிக்கிறவன் நான். இந்த நாட்டில் எனக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றது அந்த ஒரு இடத்தில்தான்.

போன வருடம் வைகாசியில் சகலன் கைத்தொலைபேசிக்கு மூன்று படம் அனுப்பினான். கறுப்புப் பெட்டி மாதிரி மூன்று அடுப்புகள். கீழே ஒரு வரி: எது நல்லது அண்ணை, உங்களைக் கேட்காமல் எடுக்கமாட்டேன். அவை கரி அடுப்புகள் அல்ல. பெல்லட் அடுப்பு என்றான்.

எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் உணவகத்தில் இரண்டு மணித்தியாலம் சும்மா கிடைக்கும். மற்றவர்கள் சிகரெட் பிடிக்கப் போன நேரத்தில் நான் பின்கதவடியில் குந்தியிருந்து காணொளி பார்த்தேன். பத்து நாளில் எல்லாம் படித்து முடித்தேன். மரத்தூளை இறுக்கி, கோழித்தீன் மாதிரிச் சின்னச் சின்னக் குச்சியாக மூட்டையில் விற்கிறார்கள். அதுதான் பெல்லட். அடுப்பின் பக்கத்தில் உள்ள பெட்டியில் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு திருகாணி தானே சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குள் தள்ளும். ஒரு விசிறி ஊதும். எத்தனை பாகை சூடு வேண்டும் என்று அமத்திவிட்டால் அந்தச் சூட்டிலேயே நிற்கும். இறைச்சிக்குள் ஒரு கம்பியைக் குத்திவிட்டால், வெந்ததும் தொலைபேசிக்குச் செய்தி வரும். நனைந்தால் மட்டும் பெல்லட் ஊதிக் கூழாகிவிடும். மற்றபடி அதற்கு ஒரு மனிதன் தேவையில்லை.

அந்தக் கடைசி விசயம்தான் என்னைக் குத்தியது. வீடு எடுத்தாய், வளவு எடுத்தாய், இப்போது நெருப்பையும் எடுக்கப் போகிறாயா என்று மனதுக்குள் அவனைக் கேட்டேன். வாயால் கேட்டது வேறு: எப்போது கடைக்குப் போகலாம்?

ஞாயிறு தவிர எனக்கு லீவு திங்கட்கிழமை. அதற்காக அவன் அலுவலகத்தில் ஒரு நாள் கோஞ்சே போட்டுவிட்டுக் காரோடு வந்தான். நகரத்துக்கு வெளியே, தோட்டச் சாமான் விற்கிற பெரிய கடை. அவன் படம் அனுப்பிய மூன்றும் வரிசையாக நின்றன. பெரியது, நடுவானது, சின்னது. அவன் நேரே பெரியதிடம் போய் மூடியைத் திறந்து, குழந்தையின் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தான். விற்பனைப் பெண் வந்து விளக்கத் தொடங்கினாள். அவன் அவளுடைய பிரெஞ்சுக்கு நல்ல பிரெஞ்சில் பதில் சொன்னான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னது எட்டுப் பேர் குடும்பத்துக்குத் தாராளம் என்றாள் அந்தப் பெண். அவள் மேல் பிழை இல்லை. அவளுடைய ஊர்க் கணக்கில் எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சி, பக்கத்தில் இலை குழை. எங்கள் ஆட்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டால் இருபது பேர் வருவார்கள், நாற்பது பேருக்குச் சமைத்திருப்போம். நான் சின்னதின் கம்பித் தட்டில் உள்ளங்கையை விரித்து அளந்து பார்த்தேன். ஒரு தடவையில் பன்னிரண்டு கோழிக்கால். அவை வேக ஒரு மணித்தியாலம். நாற்பது பேருக்கு எண்பது கால். பசியோடு வந்த சனம் பின்னேரம்வரை காய வேண்டியதுதான். இருபத்துநாலு வருடத்துச் சமையல்காரனுக்கு இந்தக் கணக்குப் போடக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும்.

சகலன் என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணை, எனக்கெண்டா பெரிசுதான் சரி போல கிடக்கு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"சின்னன் காணும் தம்பி. பெரிசு சூடாகிறதுக்கே அரைமணித்தியாலம். பெல்லட்டை விழுங்கித் தள்ளும். உமக்கென்ன, ஒவ்வொரு நாளுமே நாப்பது பேருக்குச் சுடப்போறீர்?"

சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. பெரியது மெதுவாகத்தான் சூடாகும். பெல்லட்டும் கூடத்தான் தின்னும். முழுப் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை நாக்குக் கூசியிருக்கும். அவன் பெரியதின் மூடியை மெதுவாகச் சாத்தினான். அந்தப் பெண் ஆட்கள் கூட வருவார்களென்றால் நடுவானதைப் பாருங்கள் என்றாள். இவர் தொழில்காரர், இவர் சொன்னால் சரி என்று அவன் என்னைக் காட்டிச் சொன்னான். பெட்டியைக் காரில் ஏற்றும்போது ஒரு பக்கத்தை நானே தூக்கிக் கொடுத்தேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டான். மனைவியோடு ஆர்.இ.ஆர் ரயில் எடுத்து மத்தியானத்துக்கு முன்னே போய்விட்டேன். பழக்க தோசத்தில் பழைய சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, இடுக்கியையும் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். சகலன் வாசலிலேயே பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டான். பின்வளவில் மரநிழலில் ஒரு சாய்கதிரை போட்டிருந்தது. என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதில் இருத்தினான். அவன் மனைவி, என் மச்சாள், குளிர்ந்த மோர் கொண்டுவந்து தந்தாள். எழும்பப் போனால், அத்தான் பேசாமல் இருங்கோ என்றாள். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிற ஆளை இப்படித்தானே இருத்துவார்கள்?

அடுப்பு ஒரு மூலையில் நின்று மெல்லிய புகை விட்டுக்கொண்டிருந்தது. சகலன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். முதல் பன்னிரண்டு கால் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததிலேயே தட்டு வெறுமையாகிவிட்டது. இரண்டாவது தடவைக்கு இன்னொரு மணித்தியாலம். பெரியவர்கள் உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். சகலனின் சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. தட்டில் இன்னொரு காலைச் செருகப் பார்த்தான், மூடி மூடவில்லை. நான் மோரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். அன்றைக்கு அந்த மோர் ருசித்த மாதிரி வாழ்க்கையில் எதுவும் ருசித்ததில்லை.

மூன்று மணிக்கு யாரோ என் பக்கம் திரும்பி, அண்ணை, நீங்கள் ஒருக்கால் கை வைச்சாத்தான் சரிவரும் என்றார்கள். இதற்காகத்தான் காத்திருந்தேன். வீட்டை விற்றுப் போனவர்கள் கொட்டிலில் விட்டுப்போன துருப்பிடித்த கரி அடுப்பு ஒன்று இருந்தது. சகலன் முக்குக் கடைக்கு ஓடிக் கரி வாங்கிவந்தான். பத்து நிமிடத்தில் நெருப்பு எடுத்தேன். சேட்டுக் கையை மடித்துவிட்டு முப்பது கால் ஒரேயடியாக அடுக்கினேன். கொழுப்புச் சொட்டி நெருப்புச் சீறியது. சனம் தட்டோடு வரிசையில் வந்து நின்றது. என்ன மிஷின் வந்தாலும் அண்ணையின் கைதான் என்று ஒருவர் சொன்னார். மூலையில் நின்ற சின்ன அடுப்பை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு வரிசை முடிந்தது. புகையில் கண் எரிந்தது, கால் கடுத்தது. சகலன் ஒரு தட்டோடு என்னிடம் வந்தான். மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது. தாளை எடுத்தான். இரண்டு கோழிக்கால்.

"முதல் சுட்டதிலை உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான் அண்ணை. ஆறிப்போச்சு." தட்டை என் கையில் வைத்தான். "நான் வந்த நாளிலை இருந்து பாக்கிறன், எந்த விசேசத்திலையும் நீங்கள் சனத்தோட இருந்து சாப்பிட்டதில்லை. கடைசியிலை நிண்டபடி கருகினதைத்தான் தின்னுவியள். ஒருநாளெண்டாலும் உங்களை இருத்திப் பரிமாற வேணுமெண்டுதான் உந்த மிஷினை எடுத்தனான். அதையும் ஒழுங்காச் செய்யத் தெரியேல்லை. என்ர பிழை."

உன் பிழை இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு காலை எடுத்துக் கடித்தேன். ஆறியிருந்தும் இறைச்சி எலும்பிலிருந்து தானாகவே கழன்று வந்தது. மரத்தின் வாசனை உள்வரைக்கும் போயிருந்தது. தூளும் தேசிக்காயும் அளவாகச் சேர்ந்திருந்தன. நான் இவ்வளவு நேரமும் எல்லாருக்கும் போட்டதைவிட அது நன்றாக இருந்தது.

எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். உப்புக் கொஞ்சம் குறைவு என்றேன். அடுத்தமுறை கவனிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் பாத்திரம் எடுத்துவைக்கப் போனான். இதற்குப் பிறகாவது எனக்கு அவன்மேல் பொறாமை போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடிவிட்டது. வீட்டையும் வளவையும் பார்த்துப் பொறாமைப்பட்டபோது, எனக்கும் வசதி வந்தால் வாங்கலாம் என்று ஒரு ஆறுதல் இருந்தது. அவனுக்கு இருக்கிற மனதை நான் எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. வெளியே இன்னும் நல்ல வெயில். மனைவி எனக்கு எதிரே இருந்தாள்.

"அவன் பெரிசு எடுக்கத்தான் போனவனாம். நீங்கள் சொல்லித்தான் சின்னதை எடுத்ததெண்டு தங்கச்சி சொன்னவள். எங்கட சனத்துக்குச் சின்னன் காணாதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். ரயில் கார் து நோரில் வந்து நின்றது. கதவு திறந்தபோது, அவன் சுட்ட கோழி நல்லாயிருந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் சரி என்றுவிட்டு எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.