பேய் சொன்ன ‘போயிட்டு வரேன்’

பட்டப்பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பேய்ப்படம் பார்க்கிற வீடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே எங்கள் மதினி வீடு ஒன்றாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்தி, வெளிச்சம் கசிகிற இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு உட்காருவோம். மதினி என் கணவரின் அக்கா, போலீஸ் வேலை. ஸ்டேஷனில் அவர் ஒரு அதட்டல் போட்டால் குடித்துவிட்டு வந்தவனுக்கு ஏறினதெல்லாம் இறங்கிவிடும். அப்படிப்பட்டவர் டிவிக்கு முன்னால் தலையணையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார்.

“வந்துருச்சா?”

“வராது மதினி. இந்தப் படத்துல பேயே கெடையாது.”

“பொறவு என்னத்துக்குட்டி பயந்துக்கிட்டு உக்காந்திருக்கோம்?”

நியாயமான கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

நான் இருப்பது ராஜபாளையத்தில். பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளைத் துணியில் இழை விட்டிருக்கிறதா, கறை படிந்திருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது. கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசலைத் தாண்டுகிற யாரும் “போறேன்” என்று சொல்லக் கூடாது, “போயிட்டு வாரேன்” என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருக்கிற பழக்கம்தான். எங்கள் வீட்டில் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. லீவு முடிந்து அவர் கிளம்புகிற நாளில், பெட்டியைத் தூக்கி வைத்த ஆட்டோக்காரர் “போவமா சார்?” என்று கேட்டதற்கே நான் முறைத்திருக்கிறேன். பாவம், அவர் வேறு எப்படித்தான் கேட்பார்.

எங்கள் மகள் இந்தச் சட்டத்தில் விளையாட இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு படித்தாள், வாய் காதுவரைக்கும் இருக்கும். காலையில் பையை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே “போறேன்” என்பாள். நான் அடுப்படியிலிருந்து “ஏட்டி, எப்படிச் சொல்லணும்?” என்று கத்த வேண்டும். அவள் கேட்டில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி “போயிட்டு வாரேன்!” என்று கூவுவாள். தினமும் இந்தக் கூத்துதான். எனக்குக் கோபம் வருவது மாதிரி நடிக்க வேண்டும். பாதி நாள் நடிக்க வேண்டிய அவசியமே இருக்காது, நிஜமாகவே வந்துவிடும்.

அன்று காலையும் “போறேன்” என்றாள். கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டது. ஒரு பக்கம் குக்கர் கத்துகிறது, என் டிபன் பாக்ஸ் மூடியைக் காணவில்லை. நான் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முதுகும் பையும் மட்டும் தெரிந்தன. அதற்குள் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். இதயத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருந்திருக்கிறது, வெளியே எதுவும் காட்டாத குறை. “யார் நெனச்சிருந்தாலும் தடுத்திருக்க முடியாதும்மா” என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர், சொன்னதும் உண்மைதான். ஆனால் அவருக்கு அந்தக் கேட்டைப் பற்றி எதுவும் தெரியாது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் “உன் தப்பு எதுவும் இல்லத்தா” என்றார்கள். என்ன தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. கணவரிடமும் சொல்லவில்லை. திரும்ப எல்லைக்குப் போக வேண்டியவர். நான் திருத்தாமல் விட்ட ஒரு சொல்லை அவர் தலையிலும் ஏற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. படித்தவள்தானே, இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனாலும் அது நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

என்னைத் தனியாக விடக் கூடாது என்று ஞாயிறுதோறும் வரச்சொன்னவர் மதினிதான். அவரும் தனி ஆள். அவருடைய கணவரும் போலீஸ்காரர். சில வருஷங்களுக்கு முன்னால் டூட்டிக்குப் போன இடத்தில் லாரி மோதி இறந்துபோனார். அதனால் அந்த வீட்டில் திடீரென்று அழுதால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் படம் மதினி தேர்ந்தெடுத்தது. நல்ல அக்னி வெயில். டிவியில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், பனி மூடிய ஒரு வீட்டைக் கண்டதும் நிறுத்தினார். “இதப் போடுவோம், பாக்கவாச்சும் குளுகுளுன்னு இருக்கும்.” ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் பேசியது. கொஞ்ச நேரம் ஓடின பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இறந்திருக்கிறது. மதினி பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். அவர் கையில் இருந்த தலையணைக்குக் கீழேதான் அது கிடந்தது.

“இருக்கட்டும் மதினி” என்றேன்.

அந்தப் படத்தில் அதிகமாக ஒன்றும் நடக்காது. அம்மாக்காரி செத்துப்போன பிள்ளையின் தட்டைக் கழுவித் துடைத்து மேஜையில் வைப்பாள். மாடியில் ஒரு கதவு இருக்கும்; கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும், கதவு திறக்கவே திறக்காது. மதினி கொட்டாவி விட்டார். நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கதவை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அது கேட்டாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் அவள் புருஷனைப் பிடித்து உலுக்கி, “என்னாலதான், எல்லாம் என்னாலதான்” என்று கத்துகிறாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! உலகத்தில் ஒருத்தியாவது வாயைத் திறந்து அதைச் சொன்னாளே. அன்று திரும்பும்போது பஸ் ஏறினதுமே தூங்கிவிட்டேன். ராஜபாளையம் வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பிவிட்டார்.

அப்படிப் பிடித்தது இந்தப் பைத்தியம். தேடித் தேடிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஓர் அம்மா, ஒரு பழைய வீடு, வெளியே சொல்ல முடியாத ஒரு குற்றம். பேய் வருகிற படங்களில்கூட அது ஆற அமரத்தான் வரும். பேய் வரப்போகிற நேரம் பார்த்துத் தெருவில் உப்பு விற்கிறவர் “உப்போய்” என்று குரல் கொடுப்பார், மதினி அலறுவார்.

விஷயம் சொந்தக்காரர்கள் காதுக்குப் போயிற்று. கூமாப்பட்டியில் இருக்கிற என் கணவரின் சித்தி நேரிலேயே மதினி வீட்டுக்கு வந்துவிட்டார். “பிள்ளையப் பறிகொடுத்தவ பேய்ப்படமா பாப்பா? என்னமோ அண்டிருக்கு” என்று சொல்லி, உடுக்கடித்துக் குறி பார்க்கிற கோடாங்கி ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தார். அந்த நேரம் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு உள்ளே வந்த மதினி, “வரச் சொல்லுங்க சித்தி. அவரும் நம்மகூட உக்காந்து படம் பாக்கட்டும்” என்றார். சித்தி அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு மதினி என்னிடம், “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்” என்று அலுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்னாலேயே ஜன்னலுக்குப் போர்வை கட்டி வைத்திருந்தார்.

நான் சொல்ல வந்தது போன ஆடி மாதத்து ஞாயிறு. காற்றில் போர்வை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்றைய படத்தில் பேய் உண்டு, இறந்துபோன மகள்தான் பேய். படம் முழுக்க அம்மா அவளைப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறாள். கடைசியில் ஒருவழியாகக் கையை விடுகிறாள். மகள் கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறாள். இனிமேல் அவள் வரவே மாட்டாள் என்று நமக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் நம்மை உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பேய் தமிழில் சொன்னது: “போயிட்டு வரேன்மா.”

மதினி தலையணையைக் கீழே இறக்கினார். “அடப்பாவிகளா! எம்புட்டுப் பாடுபட்டு இப்பத்தான் அனுப்பி வச்சா. மறுபடியும் வாரேங்குதே!”

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து அந்த வசனத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளை தாயை விட்டு வாசல் தாண்டுகிறது என்றதும் அவருக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. பேயாகவே இருந்தாலும் “போறேன்” என்று சொல்லவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. படம் கெட்டுத்தான் போயிற்று. அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும்.

அழுகை அடங்கினதும் கேட் விஷயத்தை மதினியிடம் சொன்னேன். அதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் ரிமோட்டை எடுத்து, படத்தைப் பின்னால் தள்ளி, மொழியை மாற்றிப் போட்டார். அந்தப் பெண் அவள் பாஷையில் ஏதோ சின்னதாகச் சொன்னாள். நான் போகிறேன் என்று கீழே இங்கிலீஷில் ஓடியது.

“பாத்தியா? அந்த ஊர்ல ‘போறேன்’னுதான் சொல்லிட்டுப் போறாக. சாயங்காலம் அம்புட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்கு வரத்தான செய்யுது” என்றார். ரிமோட்டைக் கீழே வைத்தார். “உங்கண்ணன் அன்னைக்கு டூட்டிக்குக் கெளம்பும்போது இந்த வாசல்ல நின்னு, ஷூவ மாட்டிக்கிட்டு, திருத்தமா ‘போயிட்டு வாரேன்’னுதான் சொன்னாக. வந்தாகளா?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வைத்திருந்தாரோ. இரண்டு பேரும் போர்வையை அவிழ்த்தோம், டீ போட்டுக் குடித்தோம். என்னத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் கேட்டதற்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது. நான் தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் படங்கள் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்துப் பயப்படவிட்டன. அவற்றை எடுத்தவர்களுக்கும், கொட்டாவி விட்டுக்கொண்டே கூட இருந்த மதினிக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்?

கிளம்பும்போது, என்ன நினைத்தேனோ, வேண்டுமென்றே “போறேன் மதினி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுப்படியில் குக்கர் கத்திக்கொண்டிருந்தது, பதில் வரவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.

அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அப்படி நிற்கிறவளுக்கு ஏக்கம் எதுவும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது, கூப்பிடும் என்று தெரியும். சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடு. நான் அன்று என் மகளின் முதுகைத்தான் பார்த்தேன். அவள் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

“ஏட்டி!” அடுப்படியிலிருந்து மதினி, அதே ஸ்டேஷன் குரலில். “எப்படிச் சொல்லணும்?”

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூவினேன்.

“போயிட்டு வாரேன்!”