இருளம்மாள் மறுபடி முங்கினாள்

வாலிநோக்கத்தை அடுத்த கடற்கரைக் கிராமத்தில் இருளம்மாளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. கல்யாணமான வருஷத்திலிருந்து கடல்பாசி எடுக்கிறாள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு முங்குவாள். மூச்சு முட்டும்வரை அடியில் கிடந்து, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவாள். நீரோட்டத்துக்கு அஞ்சாதவள், போன பங்குனியில் ஒரு போன் வீடியோவுக்கு அஞ்சினாள்.

நெஞ்சு படபடத்தால் ஆயுசு முடிகிறது என்று யாரோ பேசிய இரண்டு நிமிட வீடியோ. அன்று மாலையே அவளுக்குப் படபடத்தது. மறுநாளும் படபடத்தது. ராமநாதபுரத்துக்குப் போய் ஈசிஜி எடுத்தாள். ரத்தமும் சோதித்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். மெஷின் பார்த்த நேரத்தில் மட்டும் நன்றாக இருந்திருக்குமோ என்ற நினைப்பு, திரும்பும் பஸ் கீழக்கரையைத் தொடுமுன்பே வந்துவிட்டது.

அதன்பின் அவள் கடலில் இறங்கவில்லை. உலை கொதிக்கும்போதும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செத்தால் பந்தலை எந்தப் பக்கம் போடுவார்கள், திருப்பூரிலிருக்கும் மகள் வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்பதுவரை யோசித்து முடித்திருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, கூட முங்குகிற ஜெயசுதா வந்து கூப்பிட்டாள். இருளம்மாள் வாய் திறக்குமுன் மகன் சேதுராமன் குறுக்கே விழுந்தான். அம்மா இனிமேல் கடலுக்கு வராது என்றான். தண்ணீருக்குள் மயங்கிவிட்டால், படகு தள்ளி நின்றுவிட்டால், தூக்க ஆளில்லாமல் போய்விட்டால் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

அத்தனையும் அவளே யோசித்து வைத்திருந்தவை. மனசுக்குள் கிடந்தபோது நடந்தே தீரும்போல இருந்தவை, மகன் வாயிலிருந்து வந்தபோது வெறும் பேச்சாகக் கேட்டன. அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏலே, இதுல ஒண்ணாச்சும் நடந்துச்சா?"

"நடந்துட்டா என்னம்மா செய்ய?"

"நடந்தா அப்பப் பாப்போம். நடக்காததுக்குப் பயந்து ரெண்டு மாசமா இங்கன கெடக்கேன். போதும். நான் போறேன்."

மறுநாள் காலை இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதே படபடப்பு வந்தது. கரைக்கு ஓடத் தோன்றியது. ஓடவில்லை. என்னதான் நடக்கிறது என்று நின்று கவனித்தாள். 'இந்தா வரப்போகுது' என்ற நினைப்புதான் முதலில் வந்தது. நெஞ்சு அதற்குப் பிறகே அடித்தது. மணிக்கட்டுக்கு விரல் போனதும் துடிப்பு இன்னும் கூடியது. விரலை எடுத்துவிட்டு, மெதுவாக மூச்சிழுத்துக் காத்திருந்தாள். அது ஏறிற்று, கொஞ்ச நேரம் நின்றது, தானாகவே இறங்கிற்று. என்னக்கா என்று கேட்ட ஜெயசுதாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு முங்கினாள்.

அன்று மற்றவர்கள் எடுத்ததில் பாதிதான் அவள் பையில் இருந்தது. கரையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற மகன், நாளைக்கும் போவாயா என்று கேட்டான். காற்று நன்றாக இருந்தால் போவேன் என்றாள்.

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் மறுபடி படபடத்தது. முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்கள் நிழலில் உட்காரச் சொன்னார்கள்.

"அது பாட்டுக்கு அடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் இருளம்மாள். வரிசையில் தன் இடத்தை அவள் விடவில்லை.